வானிலை பலூன் செய்தியில் மேகக் குழுவைப் படிப்பது எப்படி?

திருநெல்வேலிக்காரர்களுக்குப் பக்கத்துப் பலூன் நிலையம், மலைக்கு அப்பால் இருக்கும் திருவனந்தபுரம். அதன் எண் 43371. காலை 5.30, மாலை 5.30 மணிகளுக்கென அது ஐந்து இலக்கக் குழுக்களாக அனுப்பும் செய்திகளைக் குறியீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்து அடுக்கிய அட்டவணைகளில் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று போன்றவைதான் இருக்கும், மேகத்தை விட்டுவிடுவார்கள்.

முதலில் டிடிபிபி (TTBB) என்று தொடங்கும் பகுதிக்குச் சென்று, அதில் 31313 என்ற குழுவைக் கண்டுபிடியுங்கள். நான் இடறியது இங்கேதான். அதற்குப் பின் ஒரு குழு தள்ளி 82330 போன்றதொரு குழு வரும். தரைநிலையச் செய்தியில் 8 என்று தொடங்குவது மேகம் என்பதால், இதையும் அப்படியே படித்தேன்: வானத்தில் எட்டில் இரண்டு பங்கு, தாழ்மேக வகை 3, அதாவது இடிமேகம். மொட்டைமாடியில் காய்ந்த வற்றலை அள்ளச் சொல்லி அம்மாவை இரண்டு நாள் அலைக்கழித்தேன். ஒரு தூறலும் இல்லை. ஒரு வாரச் செய்திகளை நோட்டில் எழுதிப் பார்த்தபோது, காலைதோறும் 823 என்றும் மாலைதோறும் 811 என்றும் தொடங்கியது. நம் ஊரில் கோடை இடி பிற்பகலில் அல்லவா வரும்? 8 என்று தொடங்கும் அந்தக் குழு மேகமே அன்று. பலூன் ஏவிய நேரம். 82330-இல் 8-க்குப் பின் உள்ள 2330, அதாவது 23.30 உலக நேரம் (UTC) என்றால் நமக்கு விடியற்காலை 5 மணி.

மேகம் 41414 என்ற குழுவுக்குப் பின் வருகிறது. எல்லாச் செய்தியிலும் அது இராது. பயிற்சிக்காக 48531 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பென்சிலால் கோடிட்டுப் பிரியுங்கள். கைபேசிச் செயலியைவிட அதுவே எனக்குப் பிடிக்கும். 4 என்பது தாழ்மேகம் எட்டில் நான்கு பங்கு. தாழ்மேகமே இல்லையென்றால் இடைமட்ட மேகத்தின் அளவு. 8 என்பது வெவ்வேறு உயரங்களில் திரள் மேகமும் படைத்திரள் மேகமும். நடுவில் உள்ள 5 வகையன்று, உயரம்: மேகத்தின் அடி தரையிலிருந்து 600 மீட்டர் முதல் 1000 மீட்டருக்குள். 3 என்பது ஒளி ஊடுருவும் இடைமட்டத் திரள். 1 என்பது மெல்லிய கீற்று மேகம். மேகமே இல்லாத வானம் 00900. சாய்கோடு வந்தால், பெரும்பாலும் கீழ்மேகம் மறைத்ததால் மேலே உள்ளது தெரியவில்லை என்று பொருள்.

பின்சேர்க்கை: இது பலூன் அளந்ததா என்று தென்காசி வாசகர் ஒருவர் கேட்டார். இல்லை, நிலையத்தில் இருப்பவர் அண்ணாந்து பார்த்து எழுதுவது. ஆகவே ஆனி, ஆடியில் திருவனந்தபுரத்தில் தாழ்மேகம் 8 பங்கு என்றிருந்தாலும், குற்றாலத்தில் சாரல் விழலாம்; மலையின் மழைமறைவில் இருக்கும் பாளையங்கோட்டையில் வெயில் காயலாம்.