எக்ஸ்ட்ரூடர் சூடேறவில்லையா? ஹீட்டரைக் குறை சொல்லும் முன் செய்ய வேண்டியவை

3டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழையை (ஃபிலமென்ட்) இழுக்கும் எக்ஸ்ட்ரூடர் மக்கர் செய்தால் உடனே புது பேண்ட் ஹீட்டர் (பேரலைச் சுற்றி மாட்டும் வளைய ஹீட்டர்) வாங்கக் கிளம்பாதீர்கள். பாதி நேரம் பொய் சொல்வது சென்சார்தான். பிளக்கைப் பிடுங்கி, பேரல் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். எர்த் இல்லாத பிளக் பாயின்டில் இந்த வேலையே வேண்டாம்.

சென்சார்

ஹீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மட்டும் ஆன் செய்யுங்கள். சூட்டை அளக்கும் சென்சாரான தெர்மோகப்பிளின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். தருமபுரியில் 98, 99 டிகிரி வரும். ஓசூர் மேட்டில் தண்ணீர் 97-லேயே கொதித்துவிடும், பயப்பட வேண்டாம். எண் ஏறாமல் இறங்கினால் இரண்டு ஒயரும் மாறியிருக்கிறது. நீளம் போதாமல் சாதாரண செப்பு ஒயரை பேரல் பக்கத்திலேயே ஒட்டுப் போட்டிருந்தால் கன்ட்ரோலர் குறைத்துக் காட்டும். உள்ளே பிளாஸ்டிக் கருகும். சென்சார் முனை பேரலில் உள்ள ஓட்டையிலிருந்து நழுவியிருந்தால் இன்னும் மோசம்: ஹீட்டர் நிற்காமல் எரியும்.

எஸ்.எஸ்.ஆர்

எஸ்.எஸ்.ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) என்பது கன்ட்ரோலர் சொல்படி ஹீட்டருக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் மின்னணு சுவிட்ச். ரெக்ஸ் சி100 கன்ட்ரோலர் ரிலே அவுட்புட், எஸ்.எஸ்.ஆர் அவுட்புட் என இரண்டு வகையில் வருகிறது. ரிலே வகையை வாங்கி எஸ்.எஸ்.ஆரில் இணைத்தால் அதன் விளக்கு எரியவே எரியாது. சரியான வகை என்றால், சூடேற்றும்போது எஸ்.எஸ்.ஆரின் 3, 4 முனைகளுக்கு இடையே டி.சி வோல்டேஜ் வரும்.

ஹீட்டர் பக்கம் இருக்கும் 1, 2 முனைகளில் மீட்டர் வைத்துச் சோதிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எஸ்.எஸ்.ஆர் அணைந்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். லோடு இல்லாதபோது மீட்டர் அதையே 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஹீட்டருக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள், எல்.இ.டி பல்பு ஆகாது. எஸ்.எஸ்.ஆர் விளக்கு அணைந்தும் பல்பு எரிந்தால் எஸ்.எஸ்.ஆர் ஷார்ட், தூக்கிப் போடுங்கள். அது ஷார்ட் ஆனால் கன்ட்ரோலரால் எதையும் நிறுத்த முடியாது. அதனால் ஹீட்டர் லைனில் 240 டிகிரி தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் லைனை அறுக்கும் ஃபியூஸ்) ஒன்றை பேரலோடு ஒட்டி வையுங்கள்.

ஹீட்டர்

இரண்டு ஒயரையும் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட், 200 வாட் ஹீட்டருக்குச் சுமார் 264 ஓம். எதுவுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. ஒயருக்கும் ஹீட்டரின் வெளித் தகட்டுக்கும் இடையே தொடர்பு காட்டினாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஏறுகிறது, ஆனால் 150-லேயே நிற்கிறது

வோல்டேஜைப் பாருங்கள். பென்னாகரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பம்ப்செட் ஓடும் நேரம் 190-க்கு இறங்கினால், 200 வாட் ஹீட்டர் 136 வாட்தான் தரும். அது சரியென்றால் பேண்டின் போல்ட்டை இறுக்குங்கள். முதல்முறை சூடேறி ஆறியதும் அது தளரும். இடைவெளி விழுந்த இடத்தில் ஹீட்டர் தானே வெந்து போகும். பேரலுக்கு மேல் செராமிக் ஃபைபர் சுற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எண் மேலும் கீழும் ஆடுகிறது

செட் பட்டனைச் சில விநாடி அழுத்தி, ஏ.டி.யு-வை (கன்ட்ரோலர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ-டியூன்) 1 ஆக்கி விடுங்கள். அது முடியும்வரை மோட்டாரைத் தொடாதீர்கள்.

பி.எல்.ஏ (3டி பிரிண்டிங்கில் அதிகம் பயன்படும் பிளாஸ்டிக்) என்றால் 175 டிகிரியில் தொடங்கலாம். கன்ட்ரோலர் அந்த எண்ணைத் தொட்டதும் மோட்டாரைப் போடக் கூடாது. திருகுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இளக இன்னும் 15 நிமிடம் வேண்டும்.