பழைய விண்டோஸை மாற்றும் முன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் புதிதாக சர்வீஸுக்கு வந்த தம்பி ஒருவர், ஓர் அலுவலகத்தின் எட்டு கம்ப்யூட்டர்களுக்கும் பட்டியல் எடுத்து வந்தார். மாடல், ராம், புராசஸர் எல்லாம் சரியாக இருந்தன. "பின்னாடி என்னென்ன செருகியிருக்கு தம்பி?" என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பட்டியல் எடுத்தேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட் கொடுப்பது, 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்னும் மாற்றாத கடைகளும் ஆலைகளும் நிறைய. பேக்கப் எடுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மாற்றும்போது பலரும் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரை மட்டும் கணக்கெடுப்பது

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தபோது, ஓர் அரிசி ஆலையின் எடைமேடை கம்ப்யூட்டரை மாற்றினேன். புதியதில் 64 பிட் விண்டோஸ் 10. எடைச்சீட்டு போடும் புரோகிராமை ஏற்றினேன், திறந்தேன். 'டாங்கிள் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நின்றது. டாங்கிள் என்பது கம்ப்யூட்டரில் செருகினால்தான் புரோகிராமைத் திறக்க விடும் சின்னச் சாவி. இது பச்சை நிறம், தொலையாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் டிரைவர் (அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) 32 பிட்டுக்கு மட்டும் எழுதப்பட்டது. 32 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடும். 32 பிட் டிரைவர் ஓடாது. இந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அதற்குள் ஃபார்மட் செய்துவிட்டேன். புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். வாசலில் நெல் லாரிகள் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளை எடையைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் கையால் சீட்டு எழுதினார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

இந்த முறை ஆபத்து இன்னும் அதிகம். விண்டோஸ் 10-ல் 32 பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11-ல் அது கிடையவே கிடையாது. அதனால் டாங்கிள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், சீரியல் கேபிள் எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள். எடைமேடை போன்றவற்றை இணைக்கும் பழைய வகை சீரியல் போர்ட் புதிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருக்காது. யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் போர்ட் எண் மாறிவிடலாம், பழைய புரோகிராம் சில காம் 1 என்ற எண்ணுள்ள போர்ட்டை மட்டும்தான் தேடும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றிக் கொடுக்கலாம். அப்புறம், ஒரு மாதச் சீட்டு ஒழுங்காக வரும்வரை பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

'விண்டோஸ் 11 ஏறாது' என்றதும் தூக்கிப் போடுவது

இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், பெரும்பாலும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பான பயாஸில் அணைந்திருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில் தேடி ஆன் செய்து பாருங்கள்.

ஆன்டிவைரஸை நம்பி இருப்பது

விண்டோஸிலேயே இருக்கும் பாதுகாப்பு ஓட்டையை அது அடைக்காது.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலை முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். வருடா வருடம் அது இரட்டிப்பாகும், மூன்று வருடத்தோடு நின்றுவிடும். இரண்டாம் வருடம் சேர்ந்தால் முதல் வருடப் பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மாற்றவே முடியாத எடைமேடை மாதிரி ஒன்றிரண்டுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனியாக ஓட விடுவது.

எம்.எஸ். ஆபீஸை மறப்பது

ஆபீஸ் 2016, 2019 இரண்டின் ஆதரவுக்கும் அதே 2025 அக்டோபர் 14-தான் கடைசி.

மூலையில் இருக்கும் சர்வரை மறப்பது

அதில் விண்டோஸ் சர்வர் 2016 என்றால் ஆதரவின் கடைசி நாள் 2027 ஜனவரி 12.