செஸ் ஓபனிங் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக செஸ் கற்பவர்களின் ஆட்டங்களை அலச உட்காரும்போதெல்லாம், ஓபனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களில், ஒரு காலத்தில் நானே செய்த தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ராணியைச் சீக்கிரம் வெளியே எடுக்காதே, காஸ்ட்லிங்கைத் தள்ளிப்போடாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொறிக்காக ஓபனிங் எடுப்பது

ஸ்டாஃபோர்டு காம்பிட் என்ற ஓபனிங்கில் மயங்குவது எனக்குப் புரிகிறது. கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, பிஷப்பை சி5-இல் வைத்துக் காத்திருக்கும். வெள்ளை அவசரப்பட்டு பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்தால், கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும். வெள்ளை ஆசைப்பட்டு கறுப்பு ராணியை வெட்டினால் எஃப்2-இல் பிஷப் செக், ராஜா இ2-க்கு ஓட, ஜி4-இல் இன்னொரு பிஷப். செக்மேட். அழகுதான். ஆனால் எதிராளி அந்த ஜி5-ஐ ஆடாவிட்டால் கறுப்புக்கு மிஞ்சுவது ஒரு சிப்பாய் குறைவும், சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்களும்தான்.

தோற்றதும் ஓபனிங்கை மாற்றுவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது இதுதான். கறுப்பில் காரோ-கான் என்ற ஓபனிங்கை ஆடிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு தோல்விக்குப் பிறகு, "இது எனக்குச் சரிப்படலை சார், மூச்சு முட்டுது. சிசிலியனுக்கு மாறிடட்டுமா?" என்றார். ஆட்டத்தைப் பார்த்தேன். இ4 சி6, டி4 டி5, இ5 பிஷப் எஃப்5, குதிரை எஃப்3 இ6 (ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு). அதுவரை குறையே இல்லை. அதன்பின் எச்6, ஏ6 என்று ஓரச் சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளை மெல்ல இடத்தைப் பிடித்து நெருக்கியது. ஆனால் ஆட்டம் போனது அதனாலும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு குதிரை ஃபோர்க்கில் (ஒரே குதிரை இரண்டு காய்களை ஒருசேரத் தாக்குவது) யானையை இழந்திருந்தார். சிசிலியன் ஆடியிருந்தால் மட்டும் அந்த ஃபோர்க் கண்ணில் பட்டிருக்குமா?

மூச்சு முட்டியதற்கான வழியும் அதே ஓபனிங்கில்தான் இருந்தது. வெள்ளையின் சிப்பாய்கள் டி4, இ5 என்று சங்கிலியாக நிற்கின்றன. இ5-ஐத் தாங்குவது டி4. அப்படியென்றால் அடிக்க வேண்டிய இடம் டி4, அடிக்கும் சிப்பாய் சி5. ஏற்கெனவே சி6-க்கு வந்த சிப்பாயை மறுபடி நகர்த்துவது வீண் என்று அவர் நினைத்திருந்தார். வீண் இல்லை. 1961-இல் உலக சாம்பியன் பட்டத்துக்கான மறுபோட்டியில், மிகைல் தாலுக்கு எதிராக போட்வின்னிக் மூன்றாவது நகர்த்தலிலேயே சி5 தள்ளியிருக்கிறார். சி5 வந்தபின் சி6-க்குக் குதிரை, பி6-க்கு ராணி என்று எல்லாம் சேர்ந்து டி4-ஐ அழுத்தும்.

அன்றைக்கே மாறியிருந்தால் இது அவருக்குத் தெரிந்தே இருக்காது. இந்த சி5 காரோ-கானோடு முடிவதும் இல்லை. பிரெஞ்சு டிஃபென்ஸில் வெள்ளை இ5 தள்ளினாலும் இதே சங்கிலி, இதே அடி. ஒரு சிப்பாய் அமைப்பை உட்கார்ந்து புரிந்துகொண்டவருக்கு அடுத்த ஓபனிங் பாதி தெரிந்த மாதிரிதான். அடிக்கடி மாற்றுபவருக்கோ எல்லாவற்றிலும் முதல் சில நகர்த்தல்கள் மட்டுமே தெரியும்.

தோற்றால், நிலைமை எந்த நகர்த்தலில் கைமீறியது என்று முதலில் தேடுங்கள். அது முதல் பத்துக்குள் இருந்தால் மட்டும் ஓபனிங்கைச் சந்தேகப்படலாம். அப்போதும் மாற்ற வேண்டியது அந்த ஒரு நகர்த்தலைத்தான்.

எதிராளியைப் பார்க்காமல் ஆடுவது

வெள்ளையில் லண்டன் சிஸ்டம் என்ற ஓபனிங்கைக் கற்றவர்களிடம் இது அதிகம். பிஷப் எஃப்4-க்குப் போனதும் பி2 சிப்பாய்க்கு இருந்த காவல் போய்விடுகிறது. கறுப்பு சி5 தள்ளி, ராணியை பி6-க்குக் கொண்டுவந்த பிறகும் மனப்பாடம் செய்தபடி எச்3 ஆடுகிறார்கள். பி2 போய்விடும்.

நைடார்ஃபில் தொடங்குவது

வேண்டாம். சிசிலியனில் வரும் சிக்கலான வகை அது; இப்போதைக்கு வேண்டாம்.

எஞ்சின் மதிப்பைப் பார்த்து ஒதுக்குவது

எஞ்சின் என்ற செஸ் நிரல் காட்டும் 0.3 சிப்பாய் வித்தியாசத்தை வெற்றியாக மாற்ற உங்கள் எதிராளிக்கும் தெரியாது.