மரக்கறி உண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பல வீடுகளில் மதியச் சோற்றுக்கு மீன் குழம்போடு இரண்டு மரக்கறிகள் இருப்பது வழக்கம். ஆனால் அவற்றுள் ஒன்று பெரும்பாலும் உருளைக்கிழங்குப் பால்கறியாகவோ மரவள்ளிக்கிழங்காகவோ இருந்துவிடுகிறது. மற்றையது ஒரு கரண்டியோடு முடிந்துவிடுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், மாச்சத்து மிகுந்த இக்கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைச் சோற்றின் பங்காகவே கொள்ள வேண்டும். கிழங்குக்கறி வைத்த நாளிலும் சோற்றைக் குறைக்காமல், மரக்கறி உண்டுவிட்டோம் என்று நிறைவடைவதே தவறுகளுள் பெரியது என்பேன். நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கீரையை அரிந்த பின் கழுவுவதும், பயற்றங்காயையும் கோவாவையும் நிறைந்த நீரில் அவித்து அந்நீரை ஊற்றிவிடுவதும், நீரில் கரையும் விட்டமின் சியையும் போலிக் அமிலத்தையும் வீணாக்குகின்றன. அதற்காக எல்லாவற்றையும் பச்சையாக உண்ண வேண்டியதில்லை. கரட்டிலும் பூசணியிலும் உள்ள பீற்றா கரோட்டின், சிறிதளவு கொழுப்போடு சமைக்கும்போது உடலில் நன்கு சேர்வதால், தேங்காய்ப்பூ இட்ட வறை நல்ல முறையே. நாள்தோறும் எல்லாக் கறிக்கும் கட்டிப்பால் விடுவதுதான் நிறைவுற்ற கொழுப்பை மிகுவிக்கிறது. பொரித்த கத்தரிக்காய்க் குழம்பின் சுவையை மறுப்பவர் இங்கு இல்லை. எனினும் கத்தரிக்காய் எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்பதால் அதை எப்போதாவது சமைப்பதே நல்லது.

முருங்கையிலைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப்புளி விட்டால், இலையிலுள்ள இரும்புச்சத்து கூடுதலாக உறிஞ்சப்படும். உண்ட கையோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். இரத்தச்சோகை உள்ளவர்கள் தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுவது நல்லது. மலைநாட்டிலிருந்து லொறியில் வரும் லீக்ஸும் கரட்டும்தான் சத்தானவை என்றெண்ணி, வளவில் நிற்கும் முருங்கையையும் கிணற்றடி வல்லாரையையும் தவிர்ப்பதற்கும் காரணம் இல்லை.

நாட்பட்ட சிறுநீரக நோயாளர் சிலர் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால், மரக்கறியை நறுக்கி அவித்து நீரை வடித்துவிடும் முறையே அவர்களுக்குப் பொருந்தலாம். இதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் கீரையிலுள்ள விட்டமின் கே அம்மருந்தின் செயலைக் குறைப்பதால், ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் சிறிதுமின்றியும் உண்ணாமல், அளவை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.