பழைய போனில் ‘சிம் இல்லை’: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடையில் ‘போர்டு (உள்ளே இருக்கும் மெயின் சர்க்யூட்) போச்சு’ என்று சொன்ன போனில் இப்போது டவர் நிலையாக நிற்கிறது, அப்பாடா! புது நானோ சிம் மாற்றியதிலிருந்து ‘சிம் இல்லை’. போனின் முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் ஒரு நொடி சிக்னல் எட்டிப் பார்க்கும்.

ஏரோப்ளேன் மோடு, நெட்வொர்க் ரீசெட், ஃபேக்டரி ரீசெட், எதற்கும் மசியவில்லை. *#06# அடித்தால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) ஒழுங்காக வந்தது. அது வந்தால் போர்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

விஷயம் தடிமனில் இருந்தது. முன்பு இருந்தது பெரிய சிம்மை வெட்டிப் போட்டது: 0.76 மி.மீ. நானோ சிம் 0.67 தான். தடித்த சிம் வருஷக்கணக்கில் அழுத்தியதில் சிம் ஸ்லாட்டில் இருக்கும் உலோகப் பின்கள் படுத்துவிட்டன; மெல்லிய நானோ சிம் அவற்றைச் சரியாகத் தொடவில்லை.

போனை அணைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் பின்களை மெல்லத் துடைத்துக் காயவிட்டேன். பிறகு சிம்மின் பிளாஸ்டிக் பக்கம் செல்லோடேப் ஒரே அடுக்கு, விளிம்போடு ஒட்ட வெட்டியது. உடனே டவர் வந்தது. அடுக்கு கூடினால் ட்ரே சிக்கும். இழுத்தால் ஸ்லாட் பின்கள் பெயர்ந்துவிடும்.