பால், தயிரை விட்டதும் கால் மரத்துப்போனது
நான் பிறந்ததிலிருந்தே சைவம், அதிலும் இரண்டு வருடம் முன்பு பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பாதம் மரத்துப்போய், ஒருநாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு, ஹீமோகுளோபினும் குறைந்து 9.1. கீரையை எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 வராது, அது செடிகொடிகளில் கிடையாது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மருத்துவர் முதலில் ஊசி போட்டார், அப்புறம் மாத்திரை, அதை இனி விடுவதாக இல்லை. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, மேலே எலுமிச்சை பிழிந்து. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்பதால் அதை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தேன். கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ், எள்ளுப்பொடி. நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8. இடது கால் கட்டைவிரலில் மட்டும் இன்னும் லேசான மதமதப்பு இருக்கிறது.