குமரியிலிருந்து பிரிட்டனுக்கு: கரண்ட் பில், காஸ் பில் பற்றிக் கொஞ்சம்

பிரிட்டனில் சில வருடம் இருந்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியவன் என்பதால், விசா கைக்கு வந்ததும் விசாரிக்க வரும் பிள்ளைகள் உண்டு. கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து நர்ஸ் பிள்ளைகள்தான் அதிகம். கேர் ஹோம் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களும் வருவார்கள். வாடகை எவ்வளவு, நம்ம ஊர் அரிசி கிடைக்குமா, சர்ச் பக்கத்தில் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். வீட்டைச் சூடாக வைக்க எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாதுதான். ஜனவரியில்கூட ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர் நம்முடையது. செப்டம்பரில் போய் இறங்குகிறவருக்கு இந்தக் கேள்வி டிசம்பர் பில்லில்தான் உறைக்கும். அதனால் யாரும் கேட்காததை நானாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் நம் பழக்கத்தைப் பார்ப்போம். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500-ஐத் தாண்டினால் கணக்கே வேறு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் கணக்குப் போடும் முறை அதேதான். அதனால்தான் நம் வீடுகளில் மாதக் கடைசியில் ‘ஏசி போடாதே, ஐந்நூறைத் தாண்டிவிடும்’ என்ற சத்தம்.

அங்கே இந்தப் படிக்கட்டு கிடையாது. முதல் யூனிட்டுக்கும் ஆயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. இலவச யூனிட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ‘ஸ்டாண்டிங் சார்ஜ்’ என்று ஒன்று உண்டு. ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருக்கும் கட்டணம் அது. மின்சாரத்துக்குத் தனி, காஸுக்குத் தனி. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான உச்ச விலையில், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டில் கட்டுகிறவருக்குச் சராசரியாக மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், நாளுக்கு 53.68 பென்ஸ். காஸையும் மின்சாரம் போலவே எரிசக்தி யூனிட்டில் (கிலோவாட்-மணி) கணக்கிடுவார்கள்: யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், நாளுக்கு 34.03 பென்ஸ். 5 சதவீத வாட் வரியும் இதில் அடக்கம். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

இந்த உச்ச விலையை வைப்பது ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும். 2025 கடைசியில் வந்தது போல, செய்தியில் ‘ஆண்டுக்கு 1,755 பவுண்டு உச்சவரம்பு’ என்று வந்தால் அதற்கு மேல் பில் வராது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வரம்பு யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான். ஒரு சராசரி வீடு செலவழித்தால் எவ்வளவு ஆகும் என்பதுதான் அந்த 1,755. நீங்கள் கூடுதலாக எரித்தால் கூடுதலாகக் கட்டுவீர்கள். வட அயர்லாந்துக்கு வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அங்கே பல வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எண்ணெயில் ஓடுவதுதான், அது தனிக் கதை.

அந்தச் சராசரி வீட்டின் கணக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம், 11,500 யூனிட் காஸ். மின்சாரத்தை இரண்டு மாதக் கணக்காக்கினால் 450 யூனிட், நாகர்கோவிலில் ஏசி உள்ள ஒரு வீட்டின் அளவு. விலைதான் வேறு. மேலே சொன்ன 2022 கட்டணப்படி இங்கே 1,425 ரூபாய் வரும். அங்கே அந்த 2025 விலையில் தினக் கட்டணத்தோடு சேர்த்து ஏறக்குறைய 151 பவுண்டு. பவுண்டை 110 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் பதினாறாயிரத்துக்கு மேல். இதை அம்மாவிடம் போனில் சொல்லாதீர்கள், அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

காஸ் கணக்கு இன்னும் விசேஷம். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிசக்தியோடு ஒப்பிட்டால், 11,500 யூனிட் என்பது ஆண்டுக்குச் சுமார் 60 சிலிண்டர். ஒரு சிலிண்டர் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிற வீட்டிலிருந்து போகிற உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அங்கே காஸ் பெரும்பாலும் சமையலுக்கு அல்ல, வீட்டையும் குளிக்கிற தண்ணீரையும் சூடாக்கத்தான். சிலிண்டர் என்றால் லேசானதும் கைக்குத் தெரியும். குழாயில் வருவது தீர்ந்துபோவதே இல்லை, அதுதான் ஆபத்து.

இதிலிருந்து நான் சொல்லவருவது ஒன்றே ஒன்றுதான். நம் சிக்கனம் முழுக்க விளக்கையும் ஃபேனையும் அணைக்கிற சிக்கனம். அங்கே அது சில்லறைக் காசு. பில் என்பதே சூடுதான். 10 வாட் எல்இடி விளக்கை நூறு மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் அதே ஒரு யூனிட்டை அரை மணி நேரத்தில் தின்றுவிடும்.

<b>வீட்டுச் சாவி வாங்கும் நாள்</b>

பெட்டியைப் பிரிக்கும் முன்னால் மீட்டர் எங்கே என்று கேட்டு, இரண்டு மீட்டரையும் போனில் படம் எடுங்கள், தேதியோடு. முந்தைய ஆள் எரித்ததை உங்கள் தலையில் கட்டாமல் இருக்க இதுதான் சாட்சி. காஸ் மீட்டர் பெரும்பாலும் கன மீட்டரில் ஓடும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட். மீட்டரில் 10 நகர்ந்திருந்தால் 10 யூனிட் என்று சந்தோஷப்படக் கூடாது.

அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சப்ளை செய்துகொண்டிருக்கும் கம்பெனியே, நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாவிட்டாலும், குடியேறிய நாளிலிருந்து உங்களுக்கும் சப்ளை செய்யும். பணமும் உங்களிடம்தான் கேட்கும். அது எந்தக் கம்பெனி என்று வீட்டுக்காரரிடமோ ஏஜென்சியிடமோ கேட்டு, உங்கள் பெயரையும் ரீடிங்கையும் கொடுத்துவிடுங்கள். ‘முந்தைய ஆள் பெயரில் வருகிறது, நமக்கென்ன’ என்று கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கிவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும்.

மீட்டர் ப்ரீபேமென்ட் வகையாக இருந்தால், மின்சாரத்துக்கு ஒரு சாவி, காஸுக்கு ஒரு அட்டை. கடையில் பணம் ஏற்றிக்கொண்டு வந்து சொருக வேண்டும். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன சாவியில் பணம் ஏற்றாதீர்கள். அவருடைய கடன் அந்த மீட்டரில் இருந்தால் உங்கள் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனிக்குப் போன் செய்து புதுச் சாவி கேளுங்கள். யூனிட் விலையைப் பொறுத்தவரை ப்ரீபேமென்ட் இப்போது மோசமில்லை, டைரக்ட் டெபிட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். பில் வந்த பிறகு பார்த்துக் கட்டுகிற முறைதான் எல்லாவற்றிலும் செலவு கூடியது. அதற்கு ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் அதிகமாகும்.

டைரக்ட் டெபிட்டில் ஒரு குழப்பம் வரும். கோடையிலும் குளிரிலும் மாதம் ஒரே தொகையைப் பிடிப்பார்கள். ஜூலையில் கணக்கில் பணம் மிச்சமாக நிற்கும், ஜனவரியில் கரையும். அதனால் ‘மாதம் எவ்வளவு கட்டுகிறாய்’ என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஆண்டுக்கு எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை, தினக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும்தான் ஒப்பிட வேண்டும். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் அது மீட்டரைப் பார்த்து எடுத்த ரீடிங்கா, அவர்களே ஊகித்ததா என்று போட்டிருக்கும். ஊகம் என்றால் சரியான ரீடிங்கை அனுப்புங்கள். ஸ்மார்ட் மீட்டர் இலவசமாகவே வைத்துத் தருவார்கள். சின்னத் திரையில் அன்றைய செலவு பவுண்டில் தெரியும், முதல் குளிர்காலத்துக்கு அது நல்ல வாத்தியார்.

<b>கம்பெனி மாற்றுவது</b>

ஈ.பி. ஆபீஸ் ஒன்றைத்தான் நமக்குத் தெரியும். அங்கே கம்பெனிகள் பல. மாற்றினால் குழாயோ கம்பியோ மாறாது, சப்ளை ஒரு நிமிடமும் நிற்காது. பில் அனுப்பும் ஆள் மட்டும் மாறுவார். பில்லை நேரடியாக நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் வாடகை வீட்டிலும் மாற்றும் உரிமை உண்டு. ஆஃப்ஜெம் அங்கீகரித்த ஒப்பீட்டுத் தளங்களில் உங்கள் யூனிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு விலையைக் கட்டிவைக்கும் ஒப்பந்தங்கள் பலசமயம் உச்ச விலையைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் நடுவில் விலகினால் அபராதம் கேட்கலாம். ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாறப்போகிறவர் அதைப் படிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகும் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல இடமுண்டு. தனியாள் என்றால் தினக் கட்டணம் குறைவான திட்டத்தைப் பாருங்கள்.

ரூம் மட்டும் வாடகைக்கு எடுத்து, பில்லும் அதில் அடக்கம் என்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஓர் அளவுக்கு மேல் போனால் தனியாகக் கேட்பார்களா என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்காரர் மின்சாரத்தை யூனிட் கணக்கில் தனியாக விற்றால், தான் கட்டும் விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். வீடு தேடும்போதே அதன் எரிசக்திச் சான்றிதழைப் பாருங்கள். சிறந்த ஏ முதல் மோசமான ஜி வரை போகும், வாடகைக்கு விட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக ஈ-யாவது இருக்க வேண்டும். வாடகை ஐம்பது பவுண்டு குறைவென்று ஈ தர வீட்டை எடுத்தால், அந்த ஐம்பதைப் பாய்லர் வாங்கிக்கொள்ளும்.

<b>சூட்டைக் குறைக்காமல் செலவைக் குறைக்க</b>

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் வாங்குவது இருபது பவுண்டு ஹீட்டர். 2 கிலோவாட் ஹீட்டரை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் 16 யூனிட், 2025 கடைசி விலையில் நாலு பவுண்டுக்கு மேல். மாதம் 126 பவுண்டு, ஒரே ஒரு அறைக்கு. அதே அளவு சூட்டைக் காஸ் பாய்லர் ஏறக்குறைய கால்வாசிச் செலவில் தரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் முன் ஒரு அரை மணி நேரம் ஹீட்டர் போடுவதில் தப்பில்லை. போட்டுக்கொண்டே தூங்குவதுதான் பில்லையும் கெடுக்கும், பாதுகாப்பும் இல்லை. படுக்கைக்கு மின்சாரப் போர்வை வாங்குங்கள். ராத்திரி முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

வீடு எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 18 முதல் 20 டிகிரிக்குள் வையுங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-ல் வைப்பவர்கள் உண்டு. பாய்லர் அதே வேகத்தில்தான் வேலை செய்யும், நிற்க மட்டும் மறந்துவிடும். பாய்லரின் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை, ஆள் இல்லாத அறையில் குமிழைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர்ச் சூட்டை 60 டிகிரிக்கு இறக்குங்கள். வீடு சூடாக நேரம் பிடிக்கும், காஸ் குறையும். தொட்டி உள்ள வீட்டில் அந்தத் தொட்டிச் சூட்டைக் குறைக்காதீர்கள், கிருமி வளரும்.

குளியல் நமக்கு விட முடியாத விஷயம். 9 கிலோவாட் எலெக்ட்ரிக் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒன்றரை யூனிட், 40 பென்ஸ். ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட் போதும். நான்கு பேர் தினம் இரண்டு வேளை குளிக்கும் வீட்டில் வாளியும் கப்பும் வாங்கிவைத்தால், ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சமையலில் பயப்பட ஒன்றுமில்லை. கிரைண்டர் மாவு ஆட்டுவதற்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மாவு புளிக்க ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டால் போதும், ஓவனைப் போட வேண்டாம். நம் சிவப்பரிசிதான் நேரம் பிடிக்கும். எலெக்ட்ரிக் அடுப்பு வீடு என்றால் ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரிலோ தெர்மல் குக்கரிலோ வையுங்கள். மீன் குழம்புக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதில் சிக்கனம் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

துணியை ரேடியேட்டர் மேல் போட்டு ஜன்னலையும் அடைத்தால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். டிரையர் சாதாரண வகை என்றால் ஒரு தடவைக்கு நாலைந்து யூனிட். ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் ஒன்றைப் போட்டு ஸ்டாண்டில் காயவைப்பது இரண்டுக்கும் நடுவான வழி.

கிறிஸ்துமஸுக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது பாய்லரை மொத்தமாக அணைத்துவிட்டு வராதீர்கள். குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போகும். தெர்மோஸ்டாட்டைப் பத்துப் பன்னிரண்டில் விட்டுவிட்டு வாருங்கள். தினக் கட்டணம் எப்படியும் ஓடும், ஐந்து வாரத்துக்குச் சுமார் 30 பவுண்டு. ப்ரீபேமென்ட் மீட்டர் என்றால் அதற்குப் போதுமான பணத்தை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் திரும்பி வந்து சொருகுகிற முதல் பணத்தில் பாதி அதற்கே போகும்.

பில்லில் தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம், செலவில்லை. கம்பெனியின் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முந்தைய உபயோகத்துக்குப் பணம் கேட்க முடியாது. கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியாமல் சொல்லுங்கள், தவணை போட்டுக்கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாக வழி சொல்வார்கள். வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் என்ற 150 பவுண்டுச் சலுகை, வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவிகளைப் பெறுகிறவர்களுக்கானது. பொதுநிதி உதவி கிடையாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் போயிருப்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துச் செலவு போட வேண்டாம்.

வீடு காலி செய்யும்போது மறுபடி இரண்டு மீட்டரையும் படம் எடுத்து, கடைசி ரீடிங்கையும் புது முகவரியையும் கம்பெனிக்குக் கொடுங்கள். டைரக்ட் டெபிட்டில் மிச்சம் நிற்கும் பணம் உங்களுடையது. கடைசி பில் வந்து அது கைக்குத் திரும்பும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.